நாய்கள் காத்த நிலக்கழுத்து

ஆஸ்திரேலியாவின் ஈகிள்ஹாக் நெக்கில் நிலம் நூறு மீட்டர் அகலம்கூட இல்லை. ஒரு பக்கம் பைரேட்ஸ் பேயின் அலை, மறுபக்கம் குளம்போல அசையாத தண்ணீர், நடுவே ஒரு தார்ச்சாலை. டாஸ்மன் தீபகற்பத்துக்குத் தரைவழி இது ஒன்றுதான். ஹோபார்ட்டிலிருந்து டென்ட், கேஸ் அடுப்பு, புளிசாதத்தோடு கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும்.

அந்தத் தீபகற்பத்தில் உள்ள போர்ட் ஆர்தர் 1830இல் மரம் வெட்டும் முகாமாகத் தொடங்கியது. பிரிட்டனிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களில் மறுபடி குற்றம் செய்தவர்களை அடைக்கும் இடமாக அதை மாற்றியபோது, ஊரைச் சுற்றி மதில் எழுப்ப வேண்டிய அவசியமே வரவில்லை. கடல் இருந்தது. மிஞ்சிய இந்த நிலக்கழுத்தின் குறுக்கே நாய்களைச் சங்கிலியில் வரிசையாகக் கட்டி, இரவில் விளக்கேற்றி வைத்தார்கள். கரையோரத் தண்ணீரில் மேடை போட்டு அங்கேயும் நாய்களை நிறுத்தினார்கள். இப்போது பல்லைக் காட்டும் ஒரு வெண்கல நாய் நிற்கிறது.

"கடிச்சா தொப்புளைச் சுத்தி ஊசி போட்டிருப்பானா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே கூட வந்த மச்சான் அதோடு செல்ஃபி எடுத்தான்.

பில்லி ஹன்ட் என்ற கைதி கங்காரு தோலைப் போர்த்திக்கொண்டு குதித்துக் குதித்துத் தப்பப் பார்த்தானாம். காவலர்கள் கறிக்காகத் துப்பாக்கியைத் தூக்கியதும் "சுடாதீங்க, நான்தான்" என்று கத்திவிட்டானாம். கதையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். 1842இல் மார்ட்டின் கேஷ் இரண்டு பேரோடு நீந்தித் தப்பியது மட்டும் நடந்த சங்கதி.

முதல் கூடாரம் ஃபோர்டெஸ்க்யூ பேயில். மண்சாலை முடியும் இடத்தில் வெள்ளை மணல், யூகலிப்டஸ் வாசனை. அங்கிருந்து கேப் ஹாய்க்கு நடைபாதை. கல்படிகள் ஏறி இறங்கி முழங்காலைப் பதம் பார்க்கும். முனையில் எட்டிப் பார்த்தால் கடலிலிருந்து செங்குத்தாக டோலரைட் தூண்கள். அவற்றில் 'டோட்டம் போல்' (Totem Pole) என்ற ஒல்லியான தூண் சுமார் 65 மீட்டர் உயரம். அதன் அடியில் அலை மோதுவது தெரிகிறது, சத்தம் ஒரு நொடி தாமதமாக வருகிறது. கைதியின் கண்ணில் இதெல்லாம் வெறும் சிறைச்சுவர்தானே என்ற எண்ணம் வந்தபின், படம் எடுக்கக் கை வரவில்லை. இரவில் ஒரு பாசம் (possum) விலங்கு வந்து புளிசாத டப்பாவின் மூடியை மனுஷன் மாதிரி திறந்து, கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் போனது.

போர்ட் ஆர்தர் எனக்கு ஒட்டவில்லை. பச்சைப் புல்வெளி, கூரையில்லாத தேவாலயம், ஓக் மரங்கள். பார்க்க ஏதோ பழைய கல்லூரி வளாகம்போல இருக்கிறது. தனிமைச் சிறைக்குள் நுழைந்தால்தான் சுரீரென்கிறது. பேச்சு கிடையாது, பெயர் கிடையாது, எண்தான். அறையை விட்டு வெளியே வந்தால் முகத்தை மூட வேண்டும். வழிபாட்டில்கூடப் பக்கத்து ஆள் தெரியாதபடி ஆளுக்கொரு பெட்டி. சாட்டையடியைவிட இது நாகரிகமான தண்டனை என்று அப்போது நம்பினார்கள்.

போர்ட் ஆர்தரிலேயே 1996 ஏப்ரல் 28 அன்று ஒருவன் துப்பாக்கியால் 35 பேரைக் கொன்றான். துப்பாக்கிச்சூடு நடந்த உணவகத்தின் சுவர்களை மட்டும் விட்டுவைத்து நினைவுத் தோட்டம் ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்குள் ஆஸ்திரேலிய அரசுகள் கடுமையான துப்பாக்கிச் சட்டங்களுக்கு ஒப்புக்கொண்டன.

பேருந்துகள் அவ்வளவாகப் போகாத இடம் சால்ட்வாட்டர் ரிவர் பக்கத்துப் பழைய நிலக்கரிச் சுரங்கம். 1833இல் திறந்தார்கள். எரியும்போது பொறி பறக்க வெடிக்கும் மட்டமான கரி. அதை வெட்ட, மிக மோசமானவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட கைதிகள். நுழைவுக் கட்டணம் இல்லை, வழிகாட்டி இல்லை. மணற்கல் சுவர்கள் கடலைப் பார்த்து இடிந்து நிற்கின்றன. தரைக்குக் கீழே தனியறைகள். ஒன்றுக்குள் நுழைந்து கையை விரித்தேன். இரண்டு சுவரும் இடித்தன. வெளியே நின்ற மச்சான் உள்ளே வர மறுத்துவிட்டான்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் லைம் பே. கூடாரம் போட நல்ல நிழல், குளிக்க அமைதியான கடல். குடிதண்ணீரை மட்டும் வண்டியிலேயே கொண்டுபோய்விடுங்கள். ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் சுரங்கத்தை முதலில் பாருங்கள், போர்ட் ஆர்தரைப் பிற்பகலுக்கு வையுங்கள். அந்த அறைக்குள் நின்றுவிட்டு வந்தால் அங்குள்ள புல்வெளி ஏமாற்றாது.