முதலில் நீரைப் பார்ப்போம்

பவளம் கல்லன்று, உயிர். அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளே ஒளியால் உணவு சமைத்து அதற்கு ஊட்டுகின்றன. நீர் மிகச் சூடேறினால் பவளம் அப்பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. வெளுப்பு சாவன்று, பசி. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் மீளும்; நீடித்தால் பவளம் மடியும்.

அயல்நாட்டில் வாழும் நம் உறவினர் ஒருவர் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கிறார். (நம் நாட்டில் கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன.) அவை வெளுத்தபோது மருந்துக்கு மேல் மருந்து இட்டார்; பயனில்லை. பின்னரே நீரை அளந்தார். வெப்பம் 30 பாகையைத் தாண்டியிருந்தது. நீர் ஆவியாகி உப்பும் மிகுந்திருந்தது. இரண்டையும் சிறிது சிறிதாகக் குறைத்தார். திடீர் மாற்றமும் பவளத்தைக் கொல்லும். சில வாரங்களில் நிறம் திரும்பியது.

மன்னார் வளைகுடாவிலோ 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடலே சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. அங்கே திருகிக் குறைக்கக் குமிழ் ஏதுமில்லை. உலகம் முழுவதும் எரிக்கும் எரிபொருளால் ஏறிவரும் வெப்பமும் அதற்கு ஒரு காரணம்.

உத்திரமேரூரில் வாழும் நமக்கு இப்பாடம் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலையால் ஏரி வாரியத்துக்கு அறுவரைத் தேர்ந்த முறையைக் கூறுகிறது. பயிர் தழைக்க ஏரியைப் பேணியவர்கள் நம் முன்னோர்.

வீட்டில் ஒரு பிள்ளை வாடினால் பிள்ளையையே கடிந்துகொள்கிறோம். அது வாழும் நீரை நாம் அளந்து பார்த்தோமா?