நாளுக்கு 400 பவுண், ஆனால் யாருக்கு?
லண்டனில் ஒப்பந்த வேலை தேடினால் ஏஜென்சிக்காரர் முதலில் கேட்பது, "உங்கட ரேட் என்ன?" கம்பனி எவ்வளவு தருகிறது என்று மட்டும் சொல்லமாட்டினம்.

போன மாதம் ஒருவர் எனக்கு நாளுக்கு 400 பவுண் என்றார். அது என் சம்பளமில்லை, அம்பிரெல்லா நிறுவனத்துக்குப் போகும் தொகை. முதலாளி கட்டவேண்டிய 15 வீத நேஷனல் இன்சூரன்ஸ், விடுமுறைச் சம்பளம், அம்பிரெல்லாவின் கட்டணம் எல்லாம் அதற்குள்தான். பிறகுதான் என் வரி.

"அப்ப என்ர கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். "பிறகு கதைப்பம்" என்றார். பிறகு கதைக்கவேயில்லை.

காசு கேட்கக் கூச்சப்படும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இந்தக் கழிவுகளைக் காட்டும் 'கீ இன்ஃபர்மேஷன் டொக்கியூமென்ட்' 2020 ஏப்ரலில் இருந்து சட்டத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஓம் சொல்லாதேங்கோ.