சின்ன மீன் போட்டால் பெரிய மீன்... காரைக்கால் அரசலாற்றில் கொடுவா தூண்டில்!

‘சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடி’ என்பார்கள். வியாபாரத்துக்கும் அரசியலுக்கும் நாம் உவமையாகச் சொல்லும் இந்த வார்த்தை, காரைக்காலில் அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் உவமை இல்லை. தூண்டில் முள்ளில் உயிரோடு ஒரு சிறு மீன், அதை விழுங்கக் காத்திருக்கும் ஒரு கொடுவா. இவ்வளவுதான் விஷயம்.

காரைக்கால் தமிழ்நாட்டுக்கு நடுவே இருந்தாலும் தமிழ்நாடு இல்லை. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன ஊர், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. இன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு மாவட்டம். திருநள்ளாறு சனீஸ்வரனைப் பார்க்க வருகிற கூட்டம், அப்படியே காரைக்கால் அம்மையார் கோயிலுக்கும் கடற்கரைக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போகும். ஆற்றங்கரை ஓரமாகவே கடற்கரைக்குப் போகும் சாலைதான் இந்த ஊரின் அழகு. ஒரு பக்கம் ஆறு, எதிரே கடல், அருகில் படகுகள்.

நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

அரசலாறு காவிரியின் கிளை. கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் சில நாள்களில் கடைமடைக்குப் புதுத்தண்ணீர் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு கலங்கி ஓடும். கோடையில் ஆற்றில் வரத்து நின்றுவிட்டால், கடல் நீர் உள்ளே ஏறி நிற்கும்.

இந்த மாற்றம் கொடுவாவுக்கு ரொம்பப் பிடிக்கும். உப்பிலும் வாழும், நல்ல தண்ணீரிலும் வாழும். முட்டையிட முகத்துவாரத்துக்கும் கடலோரத்துக்கும் வரும். குஞ்சுகள் ஆற்றுக்குள்ளும் கழிகளுக்குள்ளும் ஏறி வளரும். பாலத் தூண், கருங்கல் தடுப்பு, கவிழ்ந்து கிடக்கும் மரம் என்று ஏதாவது ஒரு மறைவில் அசையாமல் நின்று, எதிரே வரும் மீனை ஒரே உறிஞ்சில் வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். 60 கிலோ வரை வளரக்கூடிய மீன் இது.

உயிர் இரை ஏன்?

செத்த மீனைப் போட்டால் நண்டும் கெளுத்தியும்தான் முதலில் வரும். கொடுவா அசைவைப் பார்த்துப் பாயும் மீன். அதனால்தான் உயிரோடு இருக்கும் இறால், மடவைக் குஞ்சு, சிலேபி ஆகியவற்றை இரையாகப் போடுகிறார்கள்.

மடவையும் இறாலும் சீக்கிரம் சோர்ந்துவிடும். வாளியில் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் வேண்டும். சிலேபிக்கு இந்தப் பாடு குறைவு. குறைந்த காற்றிலும் தாங்கும், உப்புத் தண்ணீரிலும் நீந்தும்.

முள் குத்துவதிலும் முறை உண்டு. முதுகுத் துடுப்புக்குச் சற்றுக் கீழே, தண்டுவடத்தில் படாமல் மேலாகக் குத்தினால் இரை நெடுநேரம் நீந்தும். ஓடும் தண்ணீர் என்றால் உதட்டில் குத்துவார்கள். முதுகில் குத்தினால் இழுப்பில் மீன் புரண்டுவிடும். முள்ளுக்கு மேலே ஒரு முழத்துக்குத் தடித்த நரம்பு கட்டுவது அவசியம். கொடுவாவின் செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். மெல்லிய நரம்பையும் அறுக்கும், அவசரப்பட்டுப் பிடிக்கும் விரலையும் அறுக்கும்.

கடல் நீர் ஆற்றுக்குள் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும்தான் வேட்டை நேரம். தண்ணீர் அசையாமல் நின்றால் கொடுவாவும் பெரும்பாலும் அசையாது.

மிச்சத்தை எங்கே கொட்டுவது?

வேட்டை முடிந்ததும் வாளியில் நாலைந்து சிலேபி மிஞ்சும். ‘பாவம், பிழைத்துப் போகட்டும்’ என்று வழியில் உள்ள குளத்தில் விட்டுவிட்டுப் போவது பலருக்குப் புண்ணியமாகத் தோன்றும். உண்மையில் அது குளத்துக்குச் செய்யும் கெடுதல்.

சிலேபி நம்ம ஊர் மீன் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பல நாடுகளுக்குப் பரவியது, 1952-ல் பாங்காக்கிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. ஏழைக்கும் மீன் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வளர்த்தார்கள். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுவதால், அது வேகமாகப் பெருகியது. விட்ட குளத்தில் எல்லாம் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டு, நாட்டு மீன்களை நெருக்கியது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் மஸ்கி என்று ஒரு பெரிய நன்னீர் மீன் உண்டு. ‘பத்தாயிரம் தடவை வீசினால் ஒன்று மாட்டும்’ என்று அதற்குப் பெயர். அதற்கும் உயிர் மீனை இரையாகப் போடுவார்கள். 2005-ஐ ஒட்டி அங்குள்ள பேரேரிகளில் ஒரு வைரஸ் நோய் பரவி, மஸ்கி உட்படப் பல மீன்கள் செத்து மிதந்தன. அதன்பிறகு உயிர் இரையை ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதற்குப் பல இடங்களில் கட்டுப்பாடு வந்தது. அயர்லாந்து, நெதர்லாந்து போன்ற நாடுகள் உயிர் மீனை இரையாகப் போடுவதையே தடை செய்திருக்கின்றன. முள்ளில் துடிப்பதும் ஓர் உயிர்தானே.

ஆகவே, எந்தத் தண்ணீரில் தூண்டில் போடுகிறோமோ அந்தத் தண்ணீரில் பிடித்த இரையைப் போடுவதே நல்லது. மிஞ்சிய சிலேபிக்குச் சரியான இடம் குளம் இல்லை, குழம்புச் சட்டி!

பெரிய மீன் எல்லாம் அம்மா மீன்

கொடுவா குஞ்சாக வளரும்போது பெரும்பாலும் ஆண். சில வருடம் ஆணாக இருந்து, பிறகு பெண்ணாக மாறும். நான்கைந்து கிலோவைத் தாண்டிய கொடுவா என்றால் பெரும்பாலும் பெண். ஒரு பெரிய பெண் மீன் பல லட்சம் முட்டை இடும்.

இரை பெரிதாக இருந்தால் பெரிய மீன் மாட்டும் என்பது தூண்டில்காரர்களின் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தால், ஆற்றிலிருந்து முதலில் போவது முட்டையிடும் அம்மாக்கள்தான். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்துகாட்டியது. பண்ணைக்குக் குஞ்சு கிடைக்க வழி பிறந்தது. ஆனால் ஆற்றுக்குக் குஞ்சு தர ஆற்றில் தாய் மீன் இருந்தே ஆக வேண்டும்.

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான். கரையில் நிற்கும் தூண்டிலுக்கு அந்தத் தடை இல்லை. அங்கே மனசுதான் சட்டம். பிழைப்புக்காகத் தூண்டில் போடுகிறவர், கிடைத்ததை விற்றால்தான் அடுப்பு எரியும். அவரிடம் போய் ‘விட்டுவிடுங்கள்’ என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு வருகிறவரால் முடியும். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஈரக் கையால் பிடித்து, தலை தண்ணீரில் இருக்கும்படி கொஞ்ச நேரம் தாங்கினால், மூச்சு வாங்கிக்கொண்டு அதுவே போய்விடும்.

போகிறவர்களுக்கு

புதுச்சேரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். கருங்கல் தடுப்பில் பாசி வழுக்கும், அலை சொல்லாமல் ஏறும். குழந்தைகளோடு போனால் கடற்கரை மணலோடு நின்றுகொள்வது நல்லது. துறைமுகப் பக்கம் தூண்டில் போடுவதற்கு முன், அங்குள்ள மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் வலையும் படகும் போகிற பாதை அது.

காரைக்காலுக்குத் தெற்கே நாகப்பட்டினத்தில் வாழ்ந்தவர் அதிபத்த நாயனார். காரைக்கால் அம்மையாரைப் போல அறுபத்து மூவரில் ஒருவர், மீனவர். தினமும் பிடித்ததில் சிறந்த ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். ஒரே ஒரு மீன் கிடைத்த நாளிலும் அதையே விட்டார். அது தங்க மீனாக இருந்தபோதும் விட்டார். ஆவணி மாதம் நாகையில் அதை இன்றும் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அரசலாற்றில் பெரிய கொடுவா மாட்டும் நாளில், அந்தக் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.