நீலத்துக்கு ஓர் அளவுகோல்

பருவநிலை மாற்றம் பற்றிய செய்தி எங்கே வந்தாலும் கூடவே அந்தக் கோடுகளும் வந்துவிடுகின்றன. இடது பக்கம் நீலம், போகப்போக வெளிறி, வலது ஓரத்தில் கருஞ்சிவப்பு. எண் இல்லை, எழுத்து இல்லை. ஒரு கோடு என்றால் ஓர் ஆண்டு. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018 மே மாதம் வெளியிட்ட படம் அது. உல்லன் நூலும் குரோஷா ஊசியுமாகவே மாலைப் பொழுதைக் கழிக்கும் எனக்கு அதைப் பார்த்ததும் தோன்றியது ஒன்றுதான்: இது போர்வை அல்லவா?

போர்வையேதான். ஹாக்கின்ஸுக்கு ஓராண்டு முன்னால், அதே பல்கலைக்கழகத்தில் பருவநிலை இயற்பியல் பேராசிரியராக இருந்த எல்லி ஹைவுட் ஒரு குரோஷா போர்வை போட்டிருந்தார். ஆண்டுக்கு ஒரு வரிசை, உலகின் சராசரி வெப்பம் அந்த ஆண்டு எவ்வளவோ அதற்கேற்ற நிறம். அதற்கும் முன்பு, 2015-லேயே, அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கழிமுக ஆய்வாளர் ஜோன் ஷெல்டன் தன் போக்கில் ஒரு ஸ்கார்ஃப் பின்னியிருக்கிறார்: நீலம், சிவப்பு, ஊதா என்று 400 வரிசை. உலகம் முழுக்கப் பரவிய ஒரு விஞ்ஞானப் படத்துக்கு மூலம் பின்னல் கூடை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

இந்த யோசனை எங்கிருந்து கிடைத்தது என்று அந்த இரண்டு பெண்களும் சொன்ன பதில் ஒன்றேதான்: வானத்தின் நிறத்தைப் பார்த்துத் தினம் ஒரு வரிசை பின்னும் ஸ்கார்ஃபும் போர்வையும். அந்த வழக்கத்தைப் பரப்பியவர்களில் கலிஃபோர்னியக் கலைஞர் லியா ரெட்மண்ட் முக்கியமானவர். 2015-ல் பின்னல்காரர்களுக்காக இதையே ஒரு புத்தகமாகவும் எழுதினார். விதி எளிது. இன்று எனக்கு என்ன நிறம் பிடிக்கிறது என்பதற்கு இடமே இல்லை. வெளியே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும், அந்த நிறத்தில் நூலை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெப்பநிலையை வைத்துப் பின்னுகிறவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்தால் வருஷம் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சும்தான் மிஞ்சும். அதனால் நான் வானத்தைத் தேர்ந்தேன். பாரிமுனையில் நான் வழக்கமாக நூல் வாங்கும் கடையில், “நீலத்துல எட்டு ஷேட் இருக்குக்கா, அதுக்கு மேலன்னா ஆர்டர் போடணும்” என்றார் கடைக்காரத் தம்பி. பொதுவாக ஒரே லாட் நம்பரில் கண்டு கிடைக்கிறதா என்று லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். லாட் மாறினால் நிறம் ஒரு பொட்டாவது தப்பும். இந்தப் போர்வைக்கு அந்தக் கவலை இல்லை. தப்பினால் அது இன்னொரு நீலம், லாபம்தான்.

மொட்டை மாடியில்தான் வேலையின் சூட்சுமம் பிடிபட்டது. நூலை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் எந்த நீலமும் கறுப்பாகத்தான் தெரியும், வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, வெயில் நூல்மேல் விழும்படி பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு அடுத்த கேள்வி: எந்த வானம்? தலைக்கு நேர்மேலே நல்ல நீலம், கடல் பக்கம் தாழத் தாழப் பால்வெள்ளை. பார்வையை நான்கு விரற்கடை இறக்கினால் வேறு நூல் எடுக்க வேண்டியிருக்கிறது.

இதே சிக்கலோடு எனக்கு முன்னால் யாராவது மல்லாடியிருக்க வேண்டுமே என்று தேடிப் போனபோதுதான் ஜெனீவாக்காரர் ஹோராஸ் பெனடிக்ட் தெ சொசூர் அகப்பட்டார். 1787-ல் ஆல்ப்ஸின் மோன் பிளாங் சிகரத்தில் ஏறியவர். மேலே போகப்போக வானம் கறுப்பது அவரை விடாமல் துளைத்தது. நீலம் தீட்டிய காகிதத் துண்டுகளைச் சிகரத்துக்கே கொண்டுபோய் வானத்தோடு ஒப்பிட்டார். பிறகு அதையே ஒரு கருவியாக்கினார். ஒரு வட்டம், அதன் விளிம்பில் வெள்ளையில் தொடங்கி பிரஷ்யன் நீலத்தின் படிகள் வழியாகக் கறுப்பு வரை 53 கட்டங்கள். சயனோமீட்டர் என்று பெயர். அடிவானம் வெளிறுவதையும் அவர் அளந்தார். காற்றிலுள்ள ஈரமும் புகைமூட்டமும்தான் நீலத்தைக் கரைக்கின்றன, ஆகவே நீலத்தை அளந்தால் காற்றை அளந்ததாகும் என்பது அவர் கணக்கு. முழுக்கச் சரியில்லை, வானம் ஏன் நீலம் என்பதற்கு ஒளிச்சிதறல் என்ற விடை அடுத்த நூற்றாண்டில்தான் வந்தது. ஆனால் வெள்ளை ஏறுவது நீர்த்துளியாலும் தூசியாலும் என்ற பாதி பழுதில்லை.

அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட் இந்த வட்டத்தைத் தென்னமெரிக்கா வரை எடுத்துப்போனார். ஆங்கிலக் கவி பைரன் தன் ‘டான் ஜுவான்’ காவியத்தில் இதைக் கேலி செய்யும்போது, கருவியே ஹம்போல்ட்டுடையது என்று எழுதிவிட்டார். அன்று ‘நீலக் காலுறை’ என்று கிண்டலடிக்கப்பட்ட படித்த பெண்களின் ‘நீல’த்தை அதைக்கொண்டு அளக்கலாமாம். கேலியும் சுமார், விவரமும் தப்பு.

சொசூரிடமிருந்து ரெட்மண்டுக்கு ஒரு வம்சாவளி வரைய நான் முயலவில்லை. நிறத்தை வானத்திடமே கேட்கப் போன இரண்டு பேர், நடுவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல், அவ்வளவே. ஆனால் சொசூரின் வட்டத்தைப் பார்த்தபின் ‘இயற்கை தந்த நிறங்கள்’ என்ற பேச்சை நான் முழுதாக நம்புவதில்லை. 53 என்று வைத்தது வானம் அல்ல, அவர். என் வானத்துக்கு எட்டு என்று வைத்தது பாரிமுனைக் கடை. ஹாக்கின்ஸ் எட்டு நீலம், எட்டுச் சிவப்பு எடுத்தார், வரைபடம் வரைகிறவர்களுக்காகத் தயாரான ஒரு நிறப்பட்டியலிலிருந்து. நீலம் முடிந்து சிவப்பு தொடங்கும் இடம் 1971 முதல் 2000 வரையிலான சராசரி. அந்த எல்லையை முந்தைய காலத்துக்குத் தள்ளினால் சிவப்பு கூடும், பிந்தைய காலத்துக்குத் தள்ளினால் நீலம் கூடும். வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது என்பது மட்டும் மாறாது. வெப்பமானியைப் பார்த்து எழுதினாலும், அண்ணாந்து பார்த்துப் பின்னினாலும், படியை வெட்டும் வேலை நம்முடையதாகவே இருக்கிறது. பின்னல்காரர்கள் இதைச் சொல்வதில்லை; போர்வையைப் பிரித்துக் காட்டி “இது அப்படியே வானம்” என்கிறார்கள். நானும் சொல்வேன்.

போகியன்று காலையில் எட்டும் உதவவில்லை. ஊரே பழைய பாயும் துணியுமாய்க் கொளுத்திய புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து, எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியாத ஒரு மூட்டம். சாம்பல் என்றால் அதில் பழுப்பு இருந்தது. பழுப்பு என்று எடுத்தால் நூல் சேறாகத் தெரிந்தது. புதுக் கண்டு வாங்கலாமா என்று யோசித்து, அந்த ஒரு வரிசைக்காக வாங்குவது வீண் என்று விட்டுவிட்டேன். வெளிர்சாம்பல் ஓர் இழை, பழைய ஸ்வெட்டரில் மிஞ்சிய காக்கி ஓர் இழை, இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் போட்டேன். இரட்டை இழை என்பதால் அந்த வரிசை மட்டும் கொஞ்சம் தடித்து நிற்கிறது.