எந்தக் கண்ணாடி நல்ல கண்ணாடி?

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

தொலைவில் இருப்பதை அருகில் கொண்டுவந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை மனிதனுடன் பிறந்தது. கலிலியோ 1609-இல் தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பினார். பின்னாளில் மனிதன் அந்தக் குழலைத் துப்பாக்கியின் முதுகிலும் ஏற்றிவிட்டான். அதைத்தான் ‘ஸ்கோப்’ என்கிறார்கள். திரைப்படத்தில் வட்டத்துக்குள் ஒரு குறுக்குக்கோடு தோன்றி வில்லனின் நெற்றியில் நிற்கும்போது கைதட்டாதவர் நம்மில் யார்? ஆனால் எந்த ஸ்கோப் எந்த வேலைக்கு உகந்தது என்று கேட்டால் எளிதில் விடை வராது. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் கடைக்காரரோ வேட்டைக்காரரோ அல்லர்; என் தந்தை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் ஆய்வகத்தில் நிறமாலைமானியைக் கையாண்டவர்களுக்கு ஸ்கோப் அந்நியப் பொருள் அன்று. முதலில் கண்ணருகு வில்லையை நகர்த்திக் குறுக்குக் கம்பிகளைத் தெளிவாக்குகிறோம். பிறகு சன்னல் வழியே தொலைவிலுள்ள மரத்தைப் பார்த்துக் குவியப்படுத்துகிறோம். தலையைச் சற்று அசைத்தாலும் கம்பி மரத்தைவிட்டு விலகக் கூடாது. விலகினால் இடமாறு தோற்றம் இருக்கிறது என்று ஆசிரியர் மீண்டும் செய்யச் சொல்வார். ஸ்கோப்பிலும் இதே வேலைகள்தாம். வேட்டை ஸ்கோப்புகள் பலவற்றில் இடமாறு தோற்றம் ஏறத்தாழ 100 மீட்டருக்கென்று முன்பே நீக்கப்பட்டிருக்கும். நீண்ட தூர ஸ்கோப்பில் அதற்கெனத் தனித் திருகு உண்டு.

வேறுபாடுகள் இரண்டு. நம் தொலைநோக்கியில் மரம் தலைகீழாகத் தெரியும். ஸ்கோப்பில் அதை நிமிர்த்தும் வில்லைகள் உள்ளன. நாம் கண்ணைக் குழலோடு ஒட்டி வைக்கிறோம். துப்பாக்கியோ பின்னால் உதைக்கும். ஆகவே கண் சுமார் 9 செ.மீ. விலகி இருந்தாலும் காட்சி முழுமையாகத் தெரிய வேண்டும். இல்லையேல் புருவம் கிழிந்துவிடும்.

நிறமாலைமானியின் மீச்சிற்றளவு 1 கோண நிமிடம். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. வெர்னியரில் அதைப் படிக்கும்போது, ‘இத்தனை சிறிய அளவால் யாருக்கு என்ன பயன்?’ என்று நான் நினைத்ததுண்டு. துப்பாக்கி உலகில் பலரும் அந்த அளவில்தான் பேசுகிறார்கள்! 1 நிமிடம் என்பது 100 மீட்டரில் 2.9 செ.மீ.; 1000 கெஜத்தில் 26 செ.மீ.க்கும் மேல். ஸ்கோப்பின் திருகை ஒருமுறை ‘டிக்’ என்று திருப்பினால் பெரும்பாலும் கால் நிமிடம் நகரும். 100 மீட்டரில் அது ஏறக்குறைய 7 மி.மீ.

தேசிய மாணவர் படை முகாமில் பாயிண்ட் 22 ரைபிளால் 25 மீட்டரில் குப்புறப் படுத்து நான் சுட்டிருக்கிறேன். அதில் ஸ்கோப் கிடையாது. “மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. விசையை இழுக்காதே, அழுத்து” என்பதே ஹவில்தார் எங்களுக்குத் தந்த பாடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேயின் துப்பாக்கியிலும் ஸ்கோப் இல்லை. விதி அதை அனுமதிப்பதில்லை. சிறு துளையொன்றின் வழியே பார்த்து, 10.4 மி.மீ. விட்டமுள்ள பத்துப் புள்ளி வட்டத்தை அடிக்கிறார்கள். ஆகவே சுடும் திறமையை ஸ்கோப் தருவதில்லை. பார்க்கும் வசதியை மட்டுமே தருகிறது.

அந்த வசதி சிலருக்கு எவ்வளவு தேவை என்பதற்குக் கனடா நாட்டு ஜார்ஜ் ஃபார்குஹர்சன் சான்று. முதுமையில் கண்பார்வை தளர்ந்த அந்தச் சுடுநர், ஸ்கோப்புக்கு இடம் தரும்படி வாதாடினார். அதன் விளைவாகப் பிறந்த நீண்ட தூரப் போட்டி முறை அவர் பெயரின் முதலெழுத்தால் இன்றும் ‘எஃப் கிளாஸ்’ எனப்படுகிறது. அதில் இலக்கு 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் வரை தள்ளி நிற்கும். அத்தொலைவில் பாயிண்ட் 308 வின்செஸ்டர் குண்டு சுமார் பத்து மீட்டர் கீழே இறங்கிவிடும். அதை ஈடுசெய்யும் அளவுக்கு ஸ்கோப்பின் திருகு மேலேற வேண்டும். ஏறியது பிசகாமல் பழைய இடத்துக்குத் திரும்பவும் வேண்டும். இங்கே உருப்பெருக்கத்தைவிடத் திருகின் நேர்மையே முக்கியம். மேலும், 25 மடங்கு பெரிதாக்கினால் இலக்கோடு நண்பகல் கானலும் 25 மடங்கு பெரிதாகும். தேர்ந்தவர்கள் வெயில் ஏற ஏற உருப்பெருக்கத்தைக் குறைக்கிறார்கள்.

வேட்டைக்கோ வேறு கணக்கு. விலங்குகள் விடியற்காலையிலும் அந்தியிலும் வெளிவருகின்றன. பொருளருகு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் நெடுங்காலம் விரும்பிய 8×56 ஸ்கோப்பில் அது 7 மி.மீ. இருட்டில் இளைஞனின் கண்மணி விரியும் அளவும் ஏறக்குறைய அதுதான். அதே 56 மி.மீ. வில்லையை 25 மடங்கில் வைத்தால் கற்றை 2 மி.மீ.க்குச் சுருங்கிக் காட்சி மங்கிவிடும். பார்வைப் புலமும் குறுகி, ஓடும் விலங்கைத் தேடிப் பிடிப்பதே கடினமாகும். காயத்தோடு விலங்கை ஓடவிடுவது வேட்டையில் பெரும் பழி. அதனால் அங்கே அகன்ற, வெளிச்சமான, சிறிய உருப்பெருக்கமே நல்லது.

இனி என் தந்தையின் கேள்வி. ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை. சென்ற ஆண்டு பிடுங்குவதற்கு முன் மூன்றே இரவில் காட்டுப் பன்றிகள் பாதியை உழுதுவிட்டன. என் விடுதிக் கட்டணம் அந்தக் கொல்லையிலிருந்துதான் வர வேண்டும். பக்கத்துக் கொல்லைக்காரர் வெளிநாட்டில் ஒருவர் தொலைவிலிருந்து பன்றியைச் சுடுவதைத் தம் கைப்பேசியில் காட்டினார். அப்பா என் பக்கம் திரும்பி, “ஏம்பா, கண்ணாடியெல்லாம் படிக்கிறியே, இதுல எது நல்லது சொல்லு” என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் எல்லாவற்றுக்கும் என்னிடம் விடை இருக்கும் என்று நம்புகிறார்கள்.

நான் முதலில் சட்டத்தைச் சொன்னேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாமாகச் சுட முடியாது. 2025-இல் வந்த தமிழக அரசின் முடிவும், காப்புக்காட்டு எல்லைக்கு 3 கி.மீ.க்கு அப்பால், வனத்துறையினர் மட்டுமே பன்றியைச் சுடலாம் என்பதுதான். பிறகு இயற்பியலைச் சொன்னேன். “அப்பா, அந்தக் கண்ணாடி பன்றியை மட்டும்தான் கிட்ட காட்டும். பன்றிக்குப் பின்னால ஏரிக்கரை வழியில யார் வராங்கன்னு காட்டாது. சின்ன குண்டே ஒரு கிலோமீட்டருக்கு மேல போவும்.” அவர் சிறிது நேரம் பேசவில்லை. விடியுமுன் அந்த வழியாகத்தான் அம்மா பால் ஊற்றப் போகிறாள். “அப்போ அது நமக்கு ஆவாது” என்று எழுந்தார். அன்றிரவு டார்ச்சும் தகர டின்னும் எடுத்துக்கொண்டு இருவரும் காவலுக்குப் போனோம். பயிர்ச் சேத நிவாரணத்துக்கான மனுவை மறுநாள் நான் எழுதிக் கொடுத்தேன்.

ஸ்கோப்பைப் பற்றிய விதிகளுள் என் மனத்தில் ஆழமாய்ப் பதிந்தது ஒன்றுதான்: அதைக் கொண்டு எதையும் வேடிக்கை பார்க்கக் கூடாது. நாம் எதைப் பார்க்கிறோமோ அதையே துப்பாக்கியும் பார்க்கிறது. தொலைவில் அசைவது இன்னதென்று அறிய வேண்டுமானால் அதற்கு இருகண் நோக்கி போதும்.

நண்பர்களே, விலை உயர்ந்தது நல்லது, மிகப் பெரிதாக்குவது நல்லது என்று எண்ணுவது எளிது. கருவி எதற்கு, எந்த வெளிச்சத்தில், எந்தக் கைக்கு என்று கேட்ட பிறகே நல்லது எது என்று தெரியும். சில வேளைகளில் அந்தக் கேள்விகளின் முடிவில், கருவியே வேண்டாம் என்ற விடையும் வரும். அந்த விடையைத் துணிந்து சொல்வதற்கும் படிப்பு வேண்டியிருக்கிறது.