முட்டுப் பிரித்த பிறகு

கான்கிரீட் போடும் நாளில் வீட்டுக்காரர் காலையிலேயே வந்துவிடுவார். பூசை நடக்கும், வேலையாட்களுக்குக் கறிச்சோறு போடுவார்கள். முட்டுப் பிரிக்கும் நாளில் அவர் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. கட்டாயம் இருக்கவேண்டியது அந்த நாளில்தான் என்பேன்.

வத்திராயிருப்பை ஒட்டிய வ. புதுப்பட்டியில் என் தங்கை வீடு கட்டுகிறாள். சவுக்குக் கட்டைகளை உருவி, தகர ஷீட்டுகளைத் தட்டிக் கழற்றியபோது, சமையலறைக் கூரையில் பீமும் தளமும் சேரும் மூலையில் ஜல்லி பல்லிளித்தது. இரண்டு கை அகலத்துக்குச் சிமெண்ட் பாலே இறங்கவில்லை. நடுவில் ஒரு கம்பி அப்பட்டமாகத் தெரிந்தது. “பூச்சுல மறைஞ்சிரும்” என்றார் வேலை எடுத்தவர். மறையும் என்பதுதான் எனக்குக் கவலை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் எதுவும் பேசாமல் சாரத்தில் ஏறி, சின்னச் சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. மூலையை நெருங்க நெருங்கச் சத்தம் அமுங்கியது. சத்தம் மாறிய இடமெல்லாம் சாக்பீஸால் கோடு இழுத்தார். முடித்தபோது அந்த வட்டம் கண்ணுக்குத் தெரிந்த ஓட்டையைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

“ஏன் அண்ணாச்சி இப்படி ஆச்சு?”

“இந்த மூலையப் பாருங்க தம்பி. பீம் கம்பி, தளக் கம்பி, அதுக்கு நடுவுல வயர் பைப்பு மூணு. முக்கா இஞ்சு ஜல்லி எங்கிட்டு நுழையும்? வைப்ரேட்டர் விட்டிருந்தா எறங்கியிருக்கும். கரண்டியால குத்திவிட்டுப் போயிருக்காங்க.”

மறுநாள் ஊரிலேயே இன்னொரு வீட்டில் தளம் போடுவதைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனார். மிக்ஸர் மெஷின் சுற்றுகிறது. சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றுகிறார்கள். மேலே நிமிந்தாள்கள் மண்வெட்டியால் இழுத்துப் பரப்புகிறார்கள். இருட்டுவதற்குள் முடித்தாகவேண்டும். கலவை கெட்டியாக இருந்தால் இழுக்கிற கை விட்டுப்போகும். “தண்ணிய ஊத்துப்பா” என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்ததும் டிரம்முக்குள் இன்னொரு வாளி விழுந்தது. வீட்டுத் தளத்துக்கு வழக்கமான எம்-20 கலவைக்கு, ஐம்பது கிலோ மூட்டை ஒன்றுக்கு முப்பது லிட்டர் தண்ணீர் என்று ஐ.எஸ். 456 விதிநூல் வரம்பு வைக்கிறது. கூடுதலாக ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போன இடம் நுண்துளையாகவே நின்றுவிடும். மழைநீருக்கு அதுவே வழி.

அந்தக் குரல் கொடுத்தவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. சதுர அடிக் கணக்கில் கூலி பேசிவிட்டு, பொழுது சாய்வதற்குள் முடிக்கச் சொல்கிறோம். வைப்ரேட்டர் பிடித்திருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஊசியைக் கலவைக்குள் படுக்கப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தான். செங்குத்தாக இறக்கி, குமிழி அடங்கியதும் மெதுவாக எடுக்கவேண்டும் என்று கொத்தனார்தான் அவன் கையைப் பிடித்துக் காட்டினார். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே வந்துவிட்டது. விபத்துக்கும் முதுமைக்கும் உதவித்தொகை இருக்கிறது. தொழிலைப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க இன்னும் ஒரு மூத்த கை தற்செயலாக வந்து வாய்க்கவேண்டியிருக்கிறது.

கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்றும் கொத்தனார் குனிந்து பார்த்தார். அது இல்லாவிட்டால் கம்பி ஷீட்டின் மேலேயே படுத்துவிடும். கீழே இருபது எம்.எம். கான்கிரீட் மூடியிருந்தால்தான் ஈரமும் காற்றும் கம்பியை எட்டாது. இல்லையென்றால் சில வருடங்களில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கூரையைச் சில்லுச் சில்லாகத் தள்ளும். பழைய வீடுகளில் படுக்கைமேல் காரை விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தங்கை வீட்டு மூலையை ஒரு பொறியாளரும் பார்த்தார். தளம் தொய்யவில்லை, விரிசல் ஓடவில்லை, ஓட்டை மேல்வரை போகவில்லை. அதனால் ஒட்டு வேலையே போதும் என்றார். இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் கணக்கு வேறு. முதலில் அந்த இடத்துக்கு மறுபடி முட்டுக் கொடுத்தார்கள். சாக்பீஸ் கோடு வரை உளியால் கொத்தி, உதிர்வதையெல்லாம் எடுத்தபின் சுத்தியல் மறுபடி கணீரென்றது. கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசி போகக் கழுவி, ஈரம் காய்ந்தும் காயாத பதத்தில் சுருங்காத பாலிமர் கலவையைக் கொத்தனார் ஒவ்வொரு படலமாக அழுத்திப் பூசினார். ஒரே அப்பாக அப்பினால் அதன் எடையே அதைக் கீழே இழுத்துவிடுமாம். பிறகு ஈரச் சாக்கை அணைத்துக் கட்டினார்கள்.

ஒட்டு இறுகியபின் மெத்தையில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கச் சொன்னார். கீழே நின்று டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒட்டுப் போட்ட மூலை காய்ந்தே இருந்தது. ஆனால் கூடத்தில், மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் மெல்லிய ஈரவளையம் ஒன்று தெரிந்தது. பூசியிருந்தால் ஐப்பசி மழையில்தான் அது வெளிவந்திருக்கும். அதையும் கொத்தச் சொன்னோம். மாடித் தளத்துக்கு வைப்ரேட்டரும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் தனிக் கூலியில் வரட்டும், முடிய இரவானாலும் விளக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார்.