கதிரையிலிருந்து பத்துத் தரம்

2008, 2009ஆம் ஆண்டுகளில் பதுங்குகுழிக்குள்ளும் தறப்பாளின் கீழும் வன்னியில் பிறந்த பிள்ளைகள் இன்று குமர்ப்பிள்ளைகளாகவும் இளைஞர்களாகவும் வளர்ந்துவிட்டார்கள். அவர்களுள் மூளைவாதம் உள்ளவர்களையும் வீடு வீடாகச் சந்தித்து வருகிறேன். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கைக்குழந்தையில் வந்த மூளைக்காய்ச்சல் என்று காரணங்கள் பல. தாய் செய்த பாவம் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபந்தான் வரும்.

"எட்டு வயதில சுவரைப் பிடிச்சு நடந்தவள் தங்கச்சி. இப்ப இருந்திட்டாள். வருத்தம் முத்திப் போச்சு" என்றார் கிளிநொச்சிப் பக்கத்தில் ஓர் அம்மா. தனித்துக் குடும்பத்தைச் சுமப்பவர். பதினைந்து வயது மகளைத் தூக்கித் தூக்கி நாரியும் போய்விட்டது.

உண்மையில் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு முற்றுவதில்லை. எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை நீள்வதில்லை. உடம்பின் பாரமும் கூடுகிறது. அதனால் முழங்கால் மடிந்து நடை குறைகிறது. பயிற்சி கூடுதலாகத் தேவைப்படும் இந்த வயதில்தான் "இனி என்னத்துக்கு" என்று பல வீடுகளில் அதை நிறுத்திவிடுகிறார்கள்.

பலப் பயிற்சி கொடுத்தால் தசை மேலும் இறுகும் என்று முன்பு வைத்தியத் துறையிலேயே பலர் அஞ்சினார்கள். 1990களில் அமெரிக்க இயன்மருத்துவர் டயான் டாமியானோ முதலியோர் செய்த ஆய்வுகள் அப்படியில்லை, இந்தத் தசைகளும் பலம் பெறும் என்று காட்டின. ஆனால் பலம் மட்டும் போதாது. நடந்து பழகினால்தான் நடை வரும்.

அந்தப் பிள்ளையை இயன்மருத்துவரிடம் காட்டினோம். கதிரையிலிருந்து எழும்பி இருப்பது பத்துத் தரம், படியில் ஒரு காலை வைத்து ஏறுவது, பிறகு நடை என்று சொல்லித் தந்தார். இடுப்பு மூட்டு நொந்தால் நிறுத்திவிட்டு உடனே காட்டவும் சொன்னார், மூட்டு விலகியிருக்கக்கூடுமாம்.

எங்கே நடப்பது என்று கேட்டேன். பிள்ளை யோசிக்கவேயில்லை. "கக்கூசுக்கு" என்றாள். மாதவிலக்கு நாட்களில் தாய் தூக்கிக்கொண்டு போவது அவளுக்குப் பெரிய வெட்கம். இதை எந்தப் படிவத்திலும் நாங்கள் கேட்பதில்லை.

மாமன்காரன் காட்டுத்தடி வெட்டி, பின்வாசலிலிருந்து கக்கூஸ் வரை இரு பக்கமும் இடுப்பளவில் கைபிடி கட்டித் தந்தார். முதல் மாதம் பாதி வழியில் கதிரை போட வேண்டியிருந்தது. ஐந்தாம் மாதம் கதிரையை எடுத்துவிட்டார்கள். முழங்கால் இன்னும் மடிந்துதான் இருக்கிறது, அது முழுதாக நிமிரப் போவதில்லை. பகலில் தனியே போய் வருகிறாள். இரவில் மட்டும் தாயைக் கூப்பிடுகிறாள்; அந்தப் பக்கம் இன்னும் விளக்குப் போடவில்லை.